கிள்ளான் பெரிய தண்ணீரில் ஈயம் நிற்கவே இல்லை, எத்தனை கிராம் போடுவது?

கேரித்தீவுப்பையன் கேட்டது:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. இதுவரை குளத்திலும் ஆற்றங்கரையிலும்தான் தூண்டில் போட்டிருக்கிறேன். போன மாதம் முதல் தடவையாக நண்பர்களோடு படகு எடுத்து, கிள்ளான் கரையோரம் பூலாவ் இண்டா தீவுப் பக்கம் லூமுட் நீரிணையில் நங்கூரம் போட்டோம். பௌர்ணமிக்கு மறுநாள்.

போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் சும்மா கிடந்தது. தூண்டிலைக் கீழே நிறுத்தக் கட்டிய 60 கிராம் முட்டை ஈயம் அடியில் நன்றாக உட்கார்ந்தது, இரண்டு கத்தலையும் ஏறின. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடல் ஆறு மாதிரி ஓட ஆரம்பித்தது. 60ஐ எடுத்துவிட்டு 90 போட்டேன். அதுவும் நிற்கவில்லை, இரண்டு 90ஐ ஒன்றாகக் கட்டினேன். அது உருண்டுகொண்டே போய் பக்கத்தில் இருந்தவன் தங்கூசியோடு (தூண்டில் நரம்பு) சிக்கிக்கொண்டது. மிச்ச நேரம் முழுக்கச் சிக்கெடுத்ததுதான் வேலை.

என்னிடம் இருப்பது 7 அடி கோல், 0.50 மில்லிமீட்டர் நைலான் தங்கூசி. ஆழம் 12 மீட்டர் இருக்கும் என்று படகோட்டி சொன்னார். கடையில் கேட்டால் 250 கிராம் போடு என்கிறார்கள். அவ்வளவு கனம் தேவையா? எந்த வடிவம் வாங்குவது?

மோரிப்_மணல்:

250 போடு தம்பி, யோசிக்காதே. படகுக்கு நேர் கீழே இறக்கினால் நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பண்டமாரான்_லாரிக்காரர்:

தம்பி, 250 வாங்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். மேலே சொன்ன நண்பர் சொல்வது பொய் இல்லை, 250 நிற்கத்தான் செய்யும். ஆனால் மீன் தொட்டாலும் உங்கள் கைக்குத் தெரியாது, சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும்.

நான் இந்தத் தண்ணீரில் 19 வருடமாகத் தூண்டில் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்: பிறை என்ன, எந்த மணி, எத்தனை கிராம், நின்றதா உருண்டதா. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஈயத்தை இழுத்துக்கொண்டு போனது தங்கூசி. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. அடியில் தண்ணீர் தரையோடு உரசிக்கொண்டு போவதால் அங்கே ஓட்டம் மெதுவு. ஈயம் இருப்பது அந்த மெதுவான இடத்தில். தங்கூசியோ மேலிருந்து கீழ் வரை அத்தனை ஓட்டத்தையும் தன் உடம்பில் வாங்குகிறது. 12 மீட்டர் ஆழத்துக்கு நீங்கள் 30, 40 மீட்டர் விட்டிருப்பீர்கள். அவ்வளவு நீளத்தையும் தண்ணீர் தள்ளுகிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் 60க்குப் பதில் 90 போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தங்கூசி. பின்னல் தங்கூசியில் பிஇ 2 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். உங்கள் 0.50ல் பாதிகூட இல்லை, ஆனால் பலம் குறையாது. தண்ணீர் பிடித்துத் தள்ளும் இடம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நோட்டில் ஒரு நாள் இருக்கிறது: அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், தண்ணீர் வற்றும் நேரம், நானும் மச்சானும் ஒரே படகில். அவர் 0.50 நைலானில் 200 கிராம் போட்டு உருண்டுகொண்டே இருந்தார். என் பின்னலில் 120 நின்றது. அன்று மாலையே அவரும் கடைக்குப் போனார். பின்னல் தங்கூசி சிப்பியில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும், அதனால் கடைசி 2 மீட்டருக்குத் தடித்த நைலான் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடிவம். முட்டை ஈயத்தை ஓட்டத்தில் போடாதீர்கள். உருளுவதற்கென்றே செய்த வடிவம் அது, நின்ற தண்ணீருக்கு நல்லது. இரண்டை ஒன்றாகக் கட்டினால் தண்ணீர் பிடிக்கும் முகம்தான் பெரிதாகும். கூம்பு வடிவம் மணலில் முனை குத்தி நன்றாக நிற்கும். ஆனால் கிள்ளான் பக்கம் பெரும்பாலும் சேறு. கூம்பு சேற்றுக்குள் இறங்கிவிட்டால் தூக்குவது பெரிய பாடு, மீன் வந்ததா சேறு வந்ததா என்றே தெரியாது. படகிலிருந்து போட எனக்குப் பிடித்தது நீண்ட துளி வடிவம். தண்ணீரை அறுத்துக்கொண்டு வேகமாக இறங்கும், சேற்றிலிருந்தும் வழுக்கி வெளியே வரும். மேட்டு மணல் இருக்கும் இடத்தில் கம்பிக்கால் ஈயம். நான்கு கம்பிகள் நங்கூரம் மாதிரி மணலைப் பிடித்துக்கொள்ளும், கோலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கம்பிகள் பின்னால் மடங்கி விட்டுவிடும். 110 கிராம் கம்பிக்கால் செய்கிற வேலையைச் சாதா ஈயத்தில் 200 போட்டாலும் செய்ய முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

போடும் விதமும் இருக்கிறது. படகுக்கு நேர் பின்னால் விட்டால் தங்கூசி ஈயத்தை மேல்நோக்கித் தூக்கும். அதைவிட ஓட்டம் வரும் பக்கமாக, நங்கூரக் கயிற்றுக்குச் சற்று விலகி, முன்னால் எறியுங்கள். ஈயம் அடி தொட்டதும் தங்கூசியை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். தண்ணீர் அதை வில் மாதிரி வளைக்கும். அப்போது இழுப்பு மேலே போகாமல் தரையை ஒட்டிப் படுத்த மாதிரி வரும், கம்பிக்கால் ஆழமாகப் பிடிக்கும். மீன் இரையை எடுத்து ஈயத்தைக் கிளப்பியதும் கோல் நுனி சட்டென்று நிமிரும், தங்கூசி தொய்ந்துவிடும். அதுதான் கடி. தொய்ந்துவிட்டதே, மீன் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், வேகமாகச் சுற்றுங்கள். இங்கிலாந்தில் எசெக்ஸ் கரையில் படகு மீன்பிடிக்காரர்கள் 1970களில் இந்த முறையைப் பரப்பினார்கள். நம் ஊர்த் தண்ணீருக்கும் அப்படியே பொருந்துகிறது.

எறிய இடமில்லாத நெரிசல் படகு என்றால், பின்னால்தான் விட வேண்டும். அப்போது அடி தொட்டதும் கோலைத் தூக்கி, இரண்டு மீட்டர் விட்டு, மறுபடி அடி தொட விடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படித் தட்டித் தட்டி விட்டால் சரிவு குறைந்து ஓர் இடத்தில் நின்றுவிடும். நிற்கிற அளவுக்கு மட்டும் கனம் இருந்தால் போதும். 20 கிராம் குறைத்தால் உருளும் என்ற நிலைதான் சரியான கனம்.

கடைசியாக நேரம். நீங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள், அதுதான் உங்கள் முதல் தப்பு. போர்ட் கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய தண்ணீர் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அட்டமி, நவமிப் பக்கம் அதில் பாதிகூட இருக்காது. மலாய்ப் படகோட்டிகள் அதை ஆயர் மாத்தி, செத்த தண்ணீர் என்பார்கள். புதிதாகப் படகில் போகிறவர் அந்த நாட்களில் போக வேண்டும். ஒரே நாளுக்குள்ளும் கணக்கு இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் வற்றும் தண்ணீரைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று போகும். மூன்றாம், நான்காம் மணியில் மட்டும் பாதித் தண்ணீர் ஓடிவிடும். உங்கள் ஈயம் எப்போது உருள ஆரம்பித்தது என்று இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அந்த இரண்டு மணி நேரம் சாப்பிட்டுவிட்டுத் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருப்பேன். மலேசிய நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் வெளியிடும் ஏற்றவற்று அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள்.

செந்தோசா_அக்கா:

லாரிக்காரர் அண்ணன் சொன்னதோடு எறிவதைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், உயிர் விஷயம். 150 கிராம் ஈயத்தை மெல்லிய பின்னலில் கட்டி வேகமாக எறிந்தால் அறுந்து குண்டு மாதிரி பறக்கும். முன்னால் யார் தலை இருக்கிறது என்று தெரியாது. எறியும்போது ஈயத்தோடு வருவது தடித்த நைலானாக இருக்க வேண்டும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு பலம் என்று கணக்கு. 150க்கு 50, 60 பவுண்டு. அந்த நைலான் ரீலில் சில சுற்று சுற்றியிருக்கும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும், அண்ணன் சொன்ன 2 மீட்டர் எறிவதற்குப் போதாது. கோலில் எழுதியிருக்கும் எறி எடையையும் பாருங்கள் தம்பி, 7 அடிக் கோல்களில் பல 100ஐத் தாண்டாது.

பாறை, பழைய வலை கிடக்கும் இடத்தில் ஈயத்தை மட்டும் மெல்லிய 10 பவுண்டு நைலானில் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அது மட்டும் அறுந்து, முள்ளும் மீனும் திரும்பி வரும். இப்படிக் கட்டிய ஈயத்தை எறியக் கூடாது, இறக்க மட்டும்தான்.

காசு மிச்சம் என்று இரும்பு நட்டு கட்டுகிறவர்களும் உண்டு. அதே எடைக்கு இரும்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பருமன், ஓட்டத்தில் அவ்வளவும் இழுவை. மெதுவான தண்ணீருக்கு மட்டும் சரி.

வீட்டில் ஈயம் உருக்க நினைத்தால் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் என் வீட்டுக்காரர் அச்சைக் காயவைக்காமல் ஊற்றினார். தண்ணீர் ஆவியாகி ஈயத்தைத் தூக்கி எறிந்தது. முழங்கைக்குக் கீழே இன்றும் தழும்பு இருக்கிறது. ஈயம் உருகுவது 327 பாகை செல்சியஸில். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசியும் நஞ்சு. சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

கேரித்தீவுப்பையன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கோலைப் பார்த்தேன், 80 முதல் 120 கிராம் என்று இருக்கிறது. நல்லவேளை, 250 எறியவில்லை. ஒரு சந்தேகம்: தண்ணீர் நின்ற நேரத்தில் மேலே குப்பை ஒரு பக்கம் போனது, தங்கூசி வேறு பக்கம் சாய்ந்தது. ஏன்?

பண்டமாரான்_லாரிக்காரர்:

தண்ணீர் திரும்பும்போது மேலும் கீழும் ஒரே நேரத்தில் திரும்பாது. பல நாள் அடித்தண்ணீர் முதலில் திரும்பும். நல்ல கண் உங்களுக்கு. அந்த நேரத்தில் ஈயத்தைக் குறைத்து, 60ஐப் போட்டு இறாலைத் தளர விடுங்கள். கொடுவா வரும் நேரம் அது.

கேரித்தீவுப்பையன் (மூன்று வாரம் கழித்து):

நவமி அன்று போனோம். பிஇ 2, 110 கிராம் துளி ஈயம். முதல் இரண்டு மணி 80 போதும் என்றிருந்தது, பிறகு 110க்கு மாறினேன். ஒரு தடவைகூட உருளவில்லை, பக்கத்தில் யாரோடும் சிக்கவில்லை. 1.8 கிலோ செம்பிலாங் (நச்சுமுள் உள்ள கெளுத்தி வகைக் கடல் மீன்) ஒன்று, கத்தலை ஏழு. செம்பிலாங்கின் முள்ளைப் படகோட்டி உடனே வெட்டி எறிந்தார், என்னைத் தொடவே விடவில்லை. நானும் நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். கம்பிக்கால் ஈயம் இங்கே கடையில் கிடைக்கவில்லை, எங்கே வாங்குவது?

பண்டமாரான்_லாரிக்காரர்:

அலைந்து தேட வேண்டாம். என்னிடம் 110 கிராமில் நான்கு இருக்கிறது, இரண்டு தருகிறேன். தனிச்செய்தி போடுங்கள். உங்கள் நோட்டில் அன்று எந்த மணியில் 110க்கு மாறினீர்கள் என்று எழுதியிருந்தால் அதையும் அனுப்புங்கள், என் பக்கத்தில் அந்த நவமிக்குக் குறிப்பு இல்லை.