வெப்சைட் எழுதற பி.எச்.பி. மொழியில அடிப்படை முடிச்சாச்சு, அடுத்து என்ன? உங்க அனுபவம் சொல்லுங்க

மயிலாடுதுறை:
இஃப், லூப், அர்ரே, ஃபார்ம் எல்லாம் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டேன். எக்ஸாம்ப்ல (XAMPP, சொந்தக் கம்ப்யூட்டர்லயே பி.எச்.பி. ஓட்டற சாஃப்ட்வேர்) ஓடுது. இனி லாராவெல் (பி.எச்.பி.க்கான ஃப்ரேம்வொர்க்) போகவா, வேர்ட்பிரஸ் (ரெடிமேடா வெப்சைட் அமைக்கற சாஃப்ட்வேர்) போகவா? இந்தக் கட்டத்தைத் தாண்டினவங்க என்ன செஞ்சீங்க?

கும்பகோணம்:
தம்பி, ரெண்டும் இப்ப வேணாம். பக்கத்துல யாரோட கணக்கு நோட்டையாவது வாங்கி, அதை பி.எச்.பி.ல ப்ரோகிராமா எழுதுங்க.

எனக்குக் கிடைச்சது எங்க பெரியம்மாவோட நடவு நோட்டு. குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆள் கூட்டிட்டுப் போறவங்க. யார் வயல், எத்தனை மா, எவ்வளவு பாக்கி, அவ்வளவுதான் நோட்டு. பார்த்தா சின்ன வேலை. ஆனா "மா"வுலயே சிக்கல் ஆரம்பிச்சுது. நம்ம பக்கம் நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர். ஏக்கரா சேமிச்சா ஒரு மா 0.33, மூணு தடவை கூட்டினா 0.99. பெரியம்மா இதை ஒத்துக்குவாங்களா? அதனால எல்லாத்தையும் குழியாவே, முழு எண்ணா வெச்சேன். ரெண்டே கால் மான்னா 225. திரையில காட்டும்போது மட்டும் நூறால வகுத்து மாவாக்கினேன்.

பணத்தையும் பைசாவா வைங்க. பி.எச்.பி. மேனுவல்லயே இருக்கு: 0.1-ஐயும் 0.7-ஐயும் கூட்டி, 10-ஆல பெருக்கி, ஃப்ளோர் (தசமத்தை விட்டுட்டுக் கீழ இருக்கற முழு எண்ணை எடுக்கற ஃபங்ஷன்) போட்டா 8 வராது, 7தான் வரும்.

அடுத்து தமிழ்ப் பேர். "தஞ்சை"ன்னு கொடுத்து, நீளம் சொல்ற ஸ்ட்ர்லென் (strlen) போட்டுப் பாருங்க, 15 வரும். அது பைட்டை எண்ணுது. எழுத்தை பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். எம்.பி. ஸ்ட்ர்லென் (mb_strlen) 5 சொல்லும், ஏன்னா புள்ளியும் ஐகாரக் கொம்பும் தனித்தனிக் குறி. நம்ம கண்ணுக்குத் தெரியற 3 வேணும்னா கிராஃபீம் ஸ்ட்ர்லென் (grapheme_strlen), அதுக்கு பி.எச்.பி.யோட இன்ட்ல் (intl) எக்ஸ்டென்ஷன் ஆன்ல இருக்கணும். இது தெரியாம, பைட் கணக்குல வெட்டற சப்ஸ்ட்ர் (substr) வெச்சுப் பேரை வெட்டினா எழுத்து பாதியில அறுந்து கேள்விக்குறிக் கட்டமா நிக்கும். நான் பார்த்த எந்த வீடியோவும் இதைச் சொல்லலை, அவங்க எக்ஸாம்பிள் எல்லாம் ஆங்கிலப் பேர்தானே.

தஞ்சாவூர்:
ஆள் எடுக்கற பக்கத்துலேர்ந்து சொல்றேன். இன்டர்வியூக்கு ஒரு பையன் அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட் கொண்டுவந்தான். பாஸ்வேர்டு பெட்டியில ' OR '1'='1 அப்படின்னு அடிச்சேன். அது டேட்டாபேஸ் கட்டளையோட பாகமாகி, எப்பவும் சரின்னு ஆயிடுச்சு, அட்மின் பக்கம் திறந்துக்கிச்சு. பையன் முகம் போன போக்கு! ஆனா அங்கேயே உட்கார்ந்து பி.டி.ஓ. (PDO) பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு, அதாவது கட்டளையையும் அடிக்கற தகவலையும் தனித்தனியா அனுப்பற முறைக்கு மாத்திட்டு, "இப்ப அடிங்க அக்கா"ன்னான். எடுத்துக்கிட்டோம்.

பழைய வீடியோவுல மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் குவெரின்னு (mysql_query, டேட்டாபேஸைக் கேக்கற பழைய ஃபங்ஷன்) வந்தா மூடிடுங்க. 2015-ல வந்த பி.எச்.பி. 7-லயே அதைத் தூக்கிட்டாங்க. பாஸ்வேர்டை மறைச்சு சேமிக்க எம்டி5ங்கற பழைய முறை வேணாம், பாஸ்வேர்டு ஹாஷ் (password_hash) ஃபங்ஷன் இருக்கு. இதெல்லாம் கையில வந்தப்புறம் லாராவெல் போனா, அது உங்களுக்காக என்ன வேலை செய்யுதுன்னு புரியும்.

மன்னார்குடி:
நான் கொஞ்சம் மாறுபடறேன். நம்ம ஊர்ல காசு கொடுக்கற கல்யாண மண்டபக்காரரும் ரைஸ்மில்காரரும் கேக்கறது வேர்ட்பிரஸ்தான். நான் அதுலதான் இறங்கினேன். சின்ன ப்ளக்இன் (வேர்ட்பிரஸ்ல கூடுதல் வசதி சேர்க்கற கோடு) ஒண்ணைத் திறந்து வரி வரியாப் படிச்சதுதான் எனக்குப் பாடம். வீட்டுச் செலவுக்கு இப்பவே வருமானம் வேணும்னா அதுவும் வழிதான். கூடவே கிட் (Git, கோடுல செஞ்ச மாற்றத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற டூல்) கத்துக்கோங்க. "ஃபைனல் நியூ 2"ன்னு ஃபோல்டர் வெச்சுக்கிட்டு அலையாதீங்க.

மயிலாடுதுறை:
அம்மாவோட மகளிர் குழு சந்தா நோட்டு இருக்கு, அதை எடுக்கறேன். அதுல ஒரே பேர்ல நாலு பேர் வராங்க. இனிஷியல் சேர்த்துப் பிரிச்சாப் போதுமா அண்ணே?

கும்பகோணம்:
போதாது, இனிஷியலும் ஒண்ணா வரும். ஆளுக்கு ஒரு ஐடி நம்பர், ஆட்டோ இன்க்ரிமென்ட் (டேட்டாபேஸே வரிசையா போடற நம்பர்), அதுதான் பிரைமரி கீ, ஒருத்தரை மட்டும் அடையாளம் காட்டற எண். சந்தாவுக்குத் தனி டேபிள் போட்டு அதுல அந்த ஐடியை மட்டும் வைங்க. டேபிள் போட்டதும் இங்கேயே காட்டுங்க, பார்க்கறேன்.