நடைமுற்றமா, நடைமன்றா?

அன்புடையீர், வணக்கம்.

பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி ஓடும் நகரத் தெருவில் வண்டிகளைத் தடுத்து, அதை நடப்பவர்களுக்கான திறந்தவெளியாக மாற்றுகிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் 'நடைபாதைச் சதுக்கம்' வேண்டாம் என்று ஐயா ஒருவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. நடைபாதை என்றாலே சாலையோரம்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்கு மாற்றாக அவர் தந்த 'நடைமுற்றம்' காதுக்கு இனிமையான சொல். ஆனால் முற்றம் ஒரு வீட்டுக்கு உரியது. வீட்டார் இசைவில்லாமல் அங்கே நிற்க முடியாது. என் தயக்கம் அதில்தான்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரை எடுத்துக்கொள்வோம். டெலிகிராஃப் அவென்யூ முன்பு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேத்தர் வாயில்வரை வந்தது. அது நகரத் தெரு என்பதால் வாயிலுக்கு வெளியே நின்று எவரும் அரசியல் பேசலாம். அந்தக் கடைசித் துண்டு வளாகத்தோடு சேர்ந்து ஸ்ப்ரௌல் பிளாசா ஆனதும் பேச்சும் மாணவர்களின் அரசியல் பரப்புரை மேசைகளும் வளாகத்தின் புதிய எல்லையான பான்கிராஃப்ட் தெரு முனைக்கு நகர்ந்தன. அந்த முனை நகரத்துக்குச் சொந்தம் என்றே மாணவர்கள் நம்பியிருந்தார்கள். 1964 செப்டம்பரில் பல்கலைக்கழக நிர்வாகம் அங்கும் அரசியல் பரப்புரைக்குத் தடை போட்டது. அக்டோபர் 1 அன்று, கைதான ஒருவரை ஏற்றிய போலீஸ் காரை அதே பிளாசாவில் மாணவர்கள் சூழ்ந்துகொண்டு 32 மணி நேரம் நகரவிடவில்லை. பேச்சுரிமை இயக்கம் அப்படித்தான் மூண்டது.

வண்டி போனதும் கல் பாவியதும் மட்டுமல்ல மாற்றம்; அந்த மண்ணில் யாருக்கு உரிமை என்பதும் மாறுகிறது. நாம் ஆக்கும் சொல் ஊர்ப்பொது என்ற பொருளை விட்டுவிடக் கூடாது. அதனால் நான் 'நடைமன்று' என்பேன்; மன்று என்றால் ஊரார் கூடும் பொதுவிடம். சிலப்பதிகாரம் புகார் நகரின் ஐந்து மன்றங்களைச் சொல்லும்போது பூத சதுக்கத்தையும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணுகிறது. சதுக்கத்தையும் அடக்கும் அகலம் மன்றுக்கு உண்டு. 'மன்றம்' இன்று சங்கம், அமைப்பு என்று ஆகிவிட்டதால் குறுகிய வடிவமே நல்லது. வினையாக்குவதும் எளிது: தெருவை நடைமன்றாக்கினார்கள்.

ஒரு வேறுபாடு மட்டும் வேண்டும். நியூயார்க்கில் 116-ஆம் தெருவின் ஒரு பகுதியை 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. அது இன்றும் நீண்ட தெருவாகவே கிடக்கிறது. மன்று என்றால் பொருந்தாது. அதற்கு 'நடைத்தெரு' போதும். பெர்க்லியில் நடைமன்று, கொலம்பியாவில் நடைத்தெரு என்று வாக்கியங்களில் எழுதிப் பார்த்தேன், இரண்டும் உறுத்தாமல் உட்கார்கின்றன.