பாவ்லாவா, தில்லுமுல்லா?

கேள்வி:
எங்கள் வட்டாரச் சமூக மன்றத்துப் பூப்பந்துப் போட்டி பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றைத் திருத்துகிறேன். ஓங்கி அடிப்பதுபோல் மட்டையைத் தூக்கி, கடைசியில் பந்தை வலையோரம் மெல்ல இறக்குவதைத் ‘தில்லுமுல்லு’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘பாவ்லா’ பொருந்துமா?

மறுமொழி 1:
பாவ்லாதான். தில்லுமுல்லு கணக்கிலும் வாக்கு எண்ணிக்கையிலும் நடப்பது. அப்படி எழுதினால் ஆட்டக்காரர்மேல் புகார் சொன்னதாகிவிடும். செய்யப்போவதுபோல் காட்டிவிட்டுச் செய்யாமல் விடுவது பாவ்லா. தனியாக நிற்காது, ‘காட்டு’ அல்லது ‘பண்ணு’ துணைக்கு வரும். முன்னால் ‘அடிப்பதுபோல்’, ‘படிக்கிற மாதிரி’ என்று ஏதாவது இருக்கும். ‘பாவலா’ என்றும் எழுதுவார்கள். பேச்சுவழக்குச் சொல், பள்ளிக் கட்டுரையில் சிவப்பு மை விழலாம்.

மறுமொழி 2:
அந்த அடியில் தோள் திருப்பமும் மட்டையின் உயரமும் ஓங்கி அடிக்கும்போது இருப்பதுபோலவே இருக்கவேண்டும். பந்தைத் தொடும் நொடியில்தான் வேகம் குறையும். கையை முன்கூட்டியே தளர்த்தினால் எதிராளி வலைக்கு ஓடிவந்துவிடுவார்.

ஆனால் எல்லா பாவ்லாவுக்கும் அனுமதி கிடையாது. சர்வீஸ் போடும்போது மட்டை முன்னோக்கி நகரத் தொடங்கினால் இடையில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் புள்ளி எதிராளிக்கு. காற்பந்துப் பெனால்டியில் ஓடிவரும்போது தயங்கலாம். ஓடி முடித்தபின் உதைப்பதுபோல் காட்டி நிறுத்தினால் மஞ்சள் அட்டை. பந்து வலைக்குள் போனாலும் கோல் இல்லை.

மறுமொழி 3:
யாரை ஏமாற்றுகிறார் என்று பாருங்கள், சொல் தானாக அமையும். எதிராளியை என்றால் பாவ்லா. அடிபடாமலே காலைப் பிடித்துக்கொண்டு புரண்டு நடுவரை ஏமாற்றினால் பாசாங்கு (அதற்கும் மஞ்சள் அட்டைதான்). பிடிபடாமல் நழுவுவது ‘போக்கு காட்டுதல்’. அது நான்காம் வேற்றுமை கேட்கும்: ‘மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் போக்கு காட்டினார்’. மழைக்கும் சொல்வோம், இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போனால்.

கேட்டவர்:
‘எதிராளிக்கு ஓங்கி அடிப்பதுபோல் பாவ்லா காட்டி, பந்தை வலையோரம் இறக்கினார்.’ சரியா?

மறுமொழி 1:
‘எதிராளிக்கு’ என்பதை எடுத்துவிடுங்கள். ஆளையே அடிக்கப் போனதுபோல் இருக்கிறது.