மறு: குறிநோக்கி – 'ஜீரோ', 'ட்ராக்கிங்' தமிழில் என்ன?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

துப்பாக்கி சுடுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ரைஃபிள் மேல் பூட்டும் தொலைநோக்கிக்குக் 'குறிநோக்கி' என்று இங்கே ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். இப்போது ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். என் வரைவு இது:

"இக்குறிநோக்கி சுழியத்தைத் தக்கவைப்பதிலும் தடமறிதலிலும் சிறந்த நம்பகத்தன்மை உடையது."

சொற்கள் எல்லாம் அகராதியில் இருக்கின்றன. எழுதிய எனக்கே பொருள் விளங்கவில்லை. சுழியத்தை எதற்குத் தக்கவைக்க வேண்டும்? குறிநோக்கி யாருடைய தடத்தை அறிகிறது? துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மடல் 2

அக்கா, வணக்கம்.

> குறிநோக்கி யாருடைய தடத்தை அறிகிறது?

யாருடையதும் இல்லை. தடமறிதல் காட்டில் புலி தேடுகிறவர்கள் வேலை. இங்கே நடப்பது வேறு.

வெளியே தெரியும் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் வில்லைகளும் குறுக்கிழையும் அதோடு சேர்ந்தவை. அதன் ஒரு முனை கீல் போட்டது மாதிரி மாட்டியிருக்கும். மறுமுனையை மேலிருந்து ஒரு திருகும் பக்கத்திலிருந்து ஒரு திருகும் தள்ளும். எதிர்ப்புறத்தில் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகுகளோடு அழுத்திப் பிடிக்கும். வெளியே குமிழைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு. திருகு மயிரிழை அளவு இறங்கும், குழாய் அசையும், குறுக்கிழை நகரும். ஸ்பிரிங் சோர்ந்துபோனாலோ, திருகு முனை தேய்ந்தாலோ, உள்ளே கிரீஸ் இறுகினாலோ சத்தம் மட்டும் கேட்கும், இழை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதை வைத்துப் பார்த்தால் 'ரிலையபிலிட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. துப்பாக்கி உதைத்த பிறகும் இழை வைத்த இடத்தில் நிற்கிறதா? பத்துச் சொடுக்கு ஏற்றினால் பத்துச் சொடுக்கு அளவே நகர்கிறதா? திரும்ப இறக்கினால் கிளம்பிய இடத்துக்கே வருகிறதா? ஒன்றில் தேறிய குறிநோக்கி இன்னொன்றில் தோற்கும். வருடக்கணக்காக நிலை மாறாமல் நிற்கும், குமிழைத் தொட்டால் மட்டும் கெட்டுப்போகும் ரகம் நிறைய உண்டு. ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு அது போதும். தூரத்துக்குத் தூரம் குமிழைத் திருப்புகிறவருக்கு உதவாது. 'நம்பகத்தன்மை' என்று எழுதினால் இந்த வேறுபாடு மூடிப்போகிறது. நம்பிக்கை சுடுகிறவன் மனசில் இருப்பது. பெட்டிக்குள் வரும் பண்பு அல்ல.

என் கதை ஒன்று. 100 மீட்டரில் ஒரு நீளமான தாளைத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு கட்டி நேர்கோடு போட்டு, கீழிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் ஒரு குறி வைத்தேன். என் குறிநோக்கியில் ஒரு சொடுக்கு 0.1 மில் (மில் என்பது ஒரு கோண அளவு). 100 மீட்டரில் அது 1 செ.மீ. ஆக 100 சொடுக்கு போட்டால் இழை 1 மீட்டர் நகர வேண்டும். துப்பாக்கியை இறுகப் பூட்டி, சுடாமல், இழையை மட்டும் பார்த்தேன். 97 செ.மீ.தான் நகர்ந்தது. விற்றவரையும் செய்தவரையும் அன்று முழுக்கத் திட்டினேன். மறுநாள் சந்தேகம் வந்து நாடா பிடித்துத் தூரத்தை அளந்தால், '100 மீட்டர்' என்று பலகை வைத்திருந்த இடம் 97 மீட்டர்! குறிநோக்கி பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

உண்மையிலேயே 3 விழுக்காடு பிசகு இருந்தால் என்ன ஆகும்? 900 மீட்டருக்கு 10 மில் ஏற்ற வேண்டியிருந்தால் 0.3 மில் குறையும். அங்கே அது 27 செ.மீ. 1000 கஜ எஃப்-கிளாஸ் (குறிநோக்கி வைத்துத் தொலைதூரம் சுடும் போட்டி) இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10 அங்குலம், ஏறக்குறைய 25 செ.மீ.தான். ஆனாலும் எப்போதும் மாறாத 3 விழுக்காட்டை நான் மன்னித்துவிடுவேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருநாள் 3, ஒருநாள் 1 என்றால் அதைக் கழற்றி வைப்பதே நல்லது.

என் பரிந்துரை:
'ஜீரோ' – குறியொப்பு (பார்க்கும் புள்ளியும் குண்டு விழும் புள்ளியும் ஒத்திருக்கும் நிலை)
அது கலையாமல் நிற்பது – பிறழாமை
'ட்ராக்கிங்' – வழுவாமை (சொடுக்கிய அளவே இழை நகர்வது)
பழைய இடத்துக்கு வருவது – மீள்வு

ஒரு பின்குறிப்பு. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் 10 மீட்டர் காற்று ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் குறிநோக்கி கிடையாது, சிறு துளை வழியாகப் பார்ப்பதுதான். கையேட்டில் எந்தப் பிரிவைப் பற்றிய பேச்சு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மடல் 3

தம்பி, விளக்கம் அருமை. நாற்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் சில திருத்தங்கள்.

பிறழாமை, வழுவாமை என்று இரண்டு ஆமைகளைக் கையேட்டுக்குள் விட்டிருக்கிறீர்கள். ஆமை புகுந்த வீடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டு போகட்டும், பிறழ்வதற்கும் வழுவுவதற்கும் படிக்கிறவர் எப்படி வேறுபாடு காண்பார்? எதிர்மறைப் பெயர் இரண்டு அடுத்தடுத்து வந்தால் எது எது என்று மூன்றாம் பக்கத்திலேயே மறந்துவிடும்.

அடுத்து, நம் பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை ஏன் விட்டீர்கள்? திருகு அளவியைத் தொட்ட எந்த மாணவருக்கும் 'சுழிப்பிழை' தெரியும். 'ஜீரோ'வையும் சுழி என்றே சொல்லிவிடலாமே. கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 'மீச்சிற்றளவு'. உங்கள் ஒரு சொடுக்கு அதுதானே? குமிழைத் திருப்பியும் இழை உடனே நகராமல் பின்தங்குகிறது என்றீர்கள். காந்தவியலில் அதே குணத்துக்குத் 'தயக்கம்' என்று பெயர். இருக்கிற பானையை விட்டுப் புதுப்பானை வனைவானேன்?

இன்னொன்று. மில் பற்றி மட்டும் எழுதினீர்கள். பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் குறிக்க 'மினிட்' என்று எழுதாதீர்கள். பஞ்சாங்கக் கணிதத்தில் பாகை, கலை, விகலை என்றே வழங்குகிறோம். ஒரு கலை, 100 மீட்டரில் 29 மி.மீ.

மடல் 4

ஐயா, 'கலை' என்று கேட்டதும் துள்ளிவிட்டேன். இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யும் குறிநோக்கிகளில் ஒரு சொடுக்கு எட்டில் ஒரு கலையாக இருப்பதுண்டு. நமக்குத்தான் அதற்கு ஒரே சொல் இருக்கிறதே: அரைக்கால் கலைச் சொடுக்கு. 100 மீட்டரில் 3.6 மி.மீ. மற்றது கால் கலைச் சொடுக்கு. கலைச்சொல் தேட வந்த இடத்தில் கலையே கிடைத்தது.

ஆமைகளை வெளியே விரட்டிவிட்டேன். மீச்சிற்றளவுக்கும் சம்மதம்.

'தயக்கம்' இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பழைய குறிநோக்கி ஒன்றில் 30 சொடுக்கு மேலே, 30 வலம், 30 கீழே, 30 இடம் என்று சதுரமாகச் சுற்றிவந்து சுட்டேன். முதல் துளையிலிருந்து 4 செ.மீ. தள்ளி விழுந்தது. குமிழைத் தொடாமல் அடுத்த குண்டைச் சுட்டால் பழைய துளையின் ஓரத்தில்! முந்தைய குண்டின் உதைதான் உள்குழாயை அதன் இடத்துக்கு உலுக்கித் தள்ளியிருக்கிறது. குமிழைத் திருப்பியதும் விரலால் ரெண்டு தட்டு தட்டுவது அந்தக் காலத்துச் சுடுநர்களின் வழக்கம். ஏன் என்று அன்றுதான் புரிந்தது. 4 செ.மீ. என்பதால்தான் கண்ணில் பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். என் சுடுதலின் சிதறலே 2 செ.மீ. இருக்கும். பிசகு 1 செ.மீ.யாக இருந்திருந்தால் குற்றம் என்னுடையதா கருவியுடையதா என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் சுடாமல், கட்டம் போட்ட தாளில் இழையை மட்டும் பார்த்துச் சோதிப்பதை நான் நம்புகிறேன்.

'சுழி'க்கு மட்டும் உடன்பட முடியவில்லை. துப்பாக்கி ஒத்துவந்ததும் குமிழின் வளையத்தைத் தளர்த்தி 0 கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்குவோம். அந்தக் கோட்டைச் சுழி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் துப்பாக்கி ஒருமுறை கீழே விழுந்தால் குமிழ் 0-வையே காட்டிக்கொண்டிருக்கும், குண்டு வேறெங்கோ போகும். சுழி அப்படியே இருக்கிறது, ஒப்புதான் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த விபத்தை எப்படி எழுதுவது? தவிர, 'சுழி சரியில்லை' என்றால் நம் ஆட்கள் குதிரையைத்தான் நினைப்பார்கள்.

அக்கா, கையேட்டில் இடமிருந்தால் இதையும் சேருங்கள்: குறிநோக்கியைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தாங்கும் வளையங்களைப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் குழாய் ஒவ்வொரு உதைக்கும் நழுவும். அளவுக்கு மீறி முறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உள்குழாய் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்கும் என்று இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய தோட்டாவைத் தாங்கிய குறிநோக்கிகூட அதில் உடையலாம்.

மடல் 5

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. நான் எடுத்துக்கொண்டவை: குறியொப்பு, நிலைப்பு (பிறழாமைக்குப் பதில்), ஒப்புநகர்வு, மீள்வு, தயக்கம், மீச்சிற்றளவு, கலை. குமிழின் 0 கோட்டுக்கு மட்டும் சுழி. 'ட்ராக்கிங்' என்பதற்கு ஒப்புநகர்வு என்று வைத்தது என் துணிச்சல். கடைக்கணக்கை ஒப்புப் பார்ப்பது போலச் சொடுக்கையும் நகர்வையும் ஒப்புப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். ஆட்சேபம் இருந்தால் இரண்டு நாளில் சொல்லுங்கள்.

புதிய வரி:

"உதைக்குப் பின்னும் இக்குறிநோக்கியில் குறியொப்பு நிலைக்கும், ஒப்புநகர்வு சீரானது, தயக்கமின்றி மீளும்."

இப்படி எழுதியபின்தான் ஒன்று உறைத்தது. 'நம்பகத்தன்மை' என்று இருந்தவரை ஆதாரம் எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. மூலத்தைத் திரும்பப் படித்தேன், எந்தச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. எழுதியவருக்கு மடல் போட்டிருக்கிறேன்: இந்த மூன்றில் எதைச் சோதித்தீர்கள், எத்தனை சொடுக்குக்கு, தூரத்தை நாடா பிடித்து அளந்தீர்களா? பதில் வரும்வரை அந்தப் பக்கத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.