அம்பாசிடர் அடித்தகடு ஓட்டை: நெளியாமல் வெல்டிங் வைப்பது எப்படி?

காவேரிப்பட்டினத்தில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1984 அம்பாசிடர் மார்க் 4. ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் தகடு ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறி ஓட்டையாகிவிட்டது.

சென்ற ஐப்பசியில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருநீக்கி தடவி, குழியை நிரப்பப் பட்டி வைத்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்தேன். ஆறே மாதத்தில் அதே இடம் கொப்பளித்தது. சுரண்டினால் உள்ளே ஈரம்! துரு உட்புறத்திலிருந்தே வந்திருக்கிறது. தண்ணீர் வடியும் துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன. அவற்றைத் திறந்துவிட்டு, நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ. தடிமன்) தகட்டில் ஒட்டுத் துண்டும் தயாரித்துவிட்டேன்.

பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைத்தபோது பழைய தகடு உருகி ஓட்டை பெரிதானதுதான் மிச்சம். கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும் என்று பயம். வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். அப்பா ஞாயிறுதோறும் தன் கையால் துடைத்த வண்டி அது, கொடுக்கமாட்டேன்.

0.8 மி.மீ. கம்பி போடும் சிஓடூ (கரியமில வாயு பாய்ச்சி வைக்கும்) வெல்டிங் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த மெல்லிய தகட்டில் எவ்வளவு இடைவெளி விட்டு, எந்த வரிசையில் வெல்டிங் புள்ளி வைத்தால் நெளியாது?