டார்மிட்டரி அறையைப் படமெடுத்தால் நெரிசல் தெரியமாட்டேன் என்கிறதே, ஏன்?

தேக்கா_28:
வணக்கம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் அறைகளைப் பற்றி 12 படங்கள் கொண்ட தொடர் ஒன்று தயாராகிறது. சமூக மன்ற அரங்கில் வைக்க எண்ணம், மனிதவள அமைச்சுக்கும் ஒரு தொகுப்பு போகும். நுழைய அனுமதி இருக்கிறது, அறைவாசிகளும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் 16 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 16 பேர் படுக்கும் அறை கல்யாண மண்டபம் போல விரிகிறது. குழல்விளக்கால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. சுவர்ப் பூஞ்சை வெறும் அழுக்காகத் தெரிகிறது. முகம் காட்டாமல் எடுக்க வேறு என்ன கவனிக்கணும் என்பதையும் சொல்லுங்க.

ஒளியன்:
அந்த 16-ஐப் பையிலேயே வைங்க. அகலக் கோண லென்ஸோடு கிட்டே நின்று எடுத்தால் அருகில் உள்ளது பெரிதாகும், தூரத்தில் உள்ளது இன்னும் தள்ளிப்போகும். கட்டில்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் நடைபாதை போலத் தெரியும். வீடு விற்கிற விளம்பரங்களில் இதே லென்ஸைப் பயன்படுத்துவது அதற்குத்தானே! ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் போதும். அறை முழுக்க ஒரே படத்தில் அடங்காது, அடங்கவும் வேண்டாம். கதவு நிலையில் நின்று, நிலைச்சட்டம் ஓரத்தில் தெரியும்படி எதிர்ச்சுவர் வரை எடுங்க. பின்னால் நகர இடமில்லை என்பது பார்க்கிறவருக்கே புரியும். எதிர்ப்பக்கமாகவும் தவறு செய்யாதீங்க. தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் கட்டில் வரிசையை எடுத்தால் உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டும். யாராவது நேரில் அளந்து பார்த்துவிட்டால் 12 படத்தையும் நம்பமாட்டார்கள்.

பட்டைக்குக் காரணம் ஷட்டர் வேகம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் முழுச் சுழற்சியும் உள்ளே வந்துவிடும். 1/250-க்குப் போனால் பட்டை விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்க. மலிவு எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே ஐந்தாறு வேகங்களில் எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. லென்ஸ் துளை எஃப்/5.6, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்குங்க.

பூஞ்சையை நேர் ஃபிளாஷ் தட்டையாக்கிவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்து 10, 15 பாகைச் சாய்வில் அடியுங்க. உப்பிய பெயிண்டும் உரிந்த பூச்சும் நிழலோடு எழுந்து நிற்கும். கைபேசி என்றால் நைட் மோடை அணைத்துவிடுங்க, அது பூஞ்சைப் புள்ளிகளைப் படத்தில் விழும் தேவையற்ற புள்ளி (நாய்ஸ்) என்று வழித்துவிடும். மூட்டைப்பூச்சி ஏறக்குறைய 5 மி.மீ. தான். மெத்தைத் தையல் ஓரத்தில் 10 காசை வைத்து எடுங்க, காசின் விட்டம் 18.5 மி.மீ., அளவு சொல்லாமலே தெரியும். ஏசி ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவைத் திறக்காதீங்க, அரை மணி நேரமாவது மூடிய பைக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க ஆவி.

அளவுநாடா:
லென்ஸ் பிரச்சினையில் பாதி, நாடா இல்லாததால் வருவது. நீளம், அகலம், கட்டில் எண்ணிக்கை, கட்டில்களுக்கு நடுவே எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளியில் நாடாவை விரித்து ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

உதாரணமாக 6 × 7.2 மீட்டர் அறை என்றால் 43.2 சதுர மீட்டர். 12 பேருக்குத் தலைக்கு 3.6, 16 பேர் என்றால் 2.7. 2021 செப்டம்பருக்குப் பிறகு வரும் புதிய விடுதிகளுக்குத் தலைக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர், கட்டில்களுக்கிடையே 1 மீட்டர். பழைய விடுதிகள் 3.6 சதுர மீட்டர், 12 பேர் என்ற இடைக்காலத் தரத்துக்கு 2030-க்குள் வந்தால் போதும். ஆகவே 16 பேர் அறையைக் காட்டி, எப்போது கட்டிய விடுதி என்று பார்க்காமல் 'சட்டமீறல்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லைத் தவறென்று நிரூபித்துவிட்டால் மற்ற பதினொரு படங்களும் சேர்ந்து விழும். நெரிசல் விதிக்கு உட்பட்டிருந்தாலும் நெரிசல்தான், அளவை அப்படியே எழுதுங்கள்.

நீர்க்கசிவுக்கு ஒற்றைப் படம் போதாது. தரையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அதே உயரத்தில் வாரம் ஒருமுறை 4 வாரம் எடுங்கள். 'அன்றைக்கு மட்டும் அப்படி' என்று தள்ளிவிட முடியாது.

நிழல்_மட்டும்:
முகத்தை மறைத்தால் ஆள் மறைந்துவிட்டார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வேலை பெர்மிட் முதலாளியோடு பிணைந்தது, அவர் ரத்து செய்யலாம். நிறுவனச் சட்டை, பச்சை குத்தல், கண்ணாடியில் விழும் உருவம், கட்டிலில் ஒட்டிய எண், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் இவற்றில் ஏதாவது ஒன்றே காட்டிக்கொடுக்கும். அறை எண் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் வெறும் 16 பேர்தான். அதனால் பல அறைகளின் படங்களைக் கலந்து வையுங்கள்.

சம்மதம் அவரவர் மொழியில் இருக்கட்டும். படத்தைக் காட்டிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எங்கே எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். பலர் சிக்குவது இங்கேதான்.

தேக்கா_28:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைகளின் குடியிருப்புகளைப் படமெடுத்த பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கில் ஃபிளாஷோடுதானே உள்ளே போய் எடுத்தார்?

அளவுநாடா:
ஆமாம், மக்னீசியப் பொடியோடு, இரவில், பெரும்பாலும் கேட்காமலே. அந்தப் பொடியால் வீட்டுக்கு இரண்டு முறை தீப்பிடித்ததாகவும் ஒரு முறை தன் மேலேயே பற்றிக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்த முகங்கள் அந்தப் படங்களில் இருக்கின்றன. அதை இன்று யாரும் பின்பற்றக் கூடாது.

உங்களுக்கு உதவுவது 1900-இல் அதே ஊரில் வீட்டுவசதிச் சீர்திருத்தவாதி லாரன்ஸ் வெய்லர் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளைப் பற்றி ஏற்பாடு செய்த கண்காட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு நோய் வரைபடங்களும், ஒரே குடியிருப்புத் தொகுதியின் அட்டை மாதிரியும் வைத்தார்கள். அந்தத் தொகுதியில் 2,781 பேர், 264 கழிவறைகள். மறு ஆண்டே சட்டம் வந்தது, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிவறை வேண்டுமென்று.

உங்கள் படங்களுக்குக் கீழும் அப்படியே எழுதுங்கள்: கட்டில் இத்தனை, பரப்பு இத்தனை, கழிவறை இத்தனை. தேதியும் அறை எண்ணும் அமைச்சுக்குப் போகும் தொகுப்பில் மட்டும், அதுவும் அறைவாசிகள் ஒப்புக்கொண்டால். மன்றத்துச் சுவரில் வேண்டாம்.