கரண்ட் போனாலும், பேட்டரி தீர்ந்தாலும் எச்சரிக்கை வருவதில்லை (டெபியன், ஓபன்பாக்ஸ்)

திருத்துறைப்பூண்டி:
வணக்கம். எங்கள் பக்கத்து உழவர்களிடம் இருக்கும் பாரம்பரிய நெல் விதைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். யார் வயலில் மாப்பிள்ளைச் சம்பா நிற்கிறது, யாரிடம் எத்தனை மரக்கால் கருங்குறுவை இருக்கிறது, எல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில்தான். முழு டெஸ்க்டாப் போட்டால் தாங்காது என்று டெபியன் லினக்ஸில் ஓபன்பாக்ஸ் என்ற எளிய சாளர மேலாளர் மட்டும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. மடிக்கணினி செருகியிருக்கும் பிளக் அந்த லைனில் இல்லை. ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருப்பதால் எனக்குத் தெரிவதில்லை. முந்தாநாள் இரவு திரை சட்டென்று அணைந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அடித்தது போச்சு. அதில் பாதி, பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல அடித்தது.

வன்பொருளில் மாற்றம் வந்தால் கட்டளை ஓட்டும் யூடெவ் விதி இரண்டு எழுதினேன். சார்ஜரின் ஆன்லைன் மதிப்பு 0 ஆனால் (கரண்ட் இல்லை) திரையில் செய்தி காட்டும் நோட்டிஃபை-சென்ட். பேட்டரியின் கெபாசிட்டி (சதவீதம்) 10 ஆனாலும் அதே. இரண்டும் வேலை செய்யவில்லை. எங்கே தப்பு?

கும்பகோணம்:
முதலில் ஒரு டெர்மினலில் நிகழ்வுகளை வரிவரியாகக் காட்டும் யூடெவ்அட்ம் மானிட்டரை ஓடவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பவர்_சப்ளை என்று வரி வருகிறதா?

திருத்துறைப்பூண்டி:
வருகிறது அண்ணா. பிடுங்கினாலும் வருகிறது, செருகினாலும் வருகிறது.

கும்பகோணம்:
சரி, அப்படியானால் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) நிகழ்வைச் சொல்கிறது, உங்கள் விதியும் ஓடியிருக்கும். ஆனால் யூடெவ் அதை ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) ஓட்டுகிறது. உங்கள் திரை எது, நிரல்கள் செய்தி பரிமாறும் டி-பஸ்ஸில் உங்கள் முகவரி எது என்று அதற்குத் தெரியாது. அதனால் செய்தி உங்களிடம் வந்து சேரவில்லை. அந்த விதியை எடுத்துவிடுங்கள். மின் நிலையைக் கவனிக்கும் யூபவர் சேவையின் மானிட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓபன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் போடுங்கள். அது நீங்கள் உள்நுழைந்த செஷனுக்குள்ளேயே ஓடும், நோட்டிஃபை-சென்ட் சரியாக வரும். செய்தியைத் திரையில் காட்ட, பின்னணியில் ஓடும் நோட்டிஃபிகேஷன் டீமன் ஒன்று வேண்டும். ஓபன்பாக்ஸில் அது தானாக இருக்காது, டன்ஸ்ட் போதும்.

இரண்டாவது விதியில் தப்பு வேறு. ஒவ்வொரு சதவீதத்துக்கும் நிகழ்வு வரும் என்று நம்ப முடியாது. 11-லிருந்து நேராக 9-க்குத் தாவினால் "10-க்குச் சமம்" என்பது பொருந்தவே பொருந்தாது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டும் சிஸ்டம்டி டைமர் ஒன்றை, ரூட்டாக இல்லாமல் உங்கள் பயனர் கணக்கிலேயே வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கச் செய்யுங்கள்: ஸ்டேட்டஸ் டிஸ்சார்ஜிங், கெபாசிட்டி 10 அல்லது அதற்குக் கீழ். ஒருமுறை எச்சரித்ததும் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு, சார்ஜர் செருகியதும் அதை அழியுங்கள். இல்லையென்றால் நிமிடத்துக்கு நிமிடம் நச்சரிக்கும்.

மன்னார்குடி:
10 என்பதே இந்த மெஷினுக்குத் தாமதம் என்று நினைக்கிறேன். பேட்டரி கோப்புறையில் சார்ஜ்_ஃபுல் (இப்போது கொள்ளும் அளவு), சார்ஜ்_ஃபுல்_டிசைன் (புதிதில் கொண்ட அளவு) இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். சில மெஷின்களில் சார்ஜ் என்பதற்குப் பதில் எனர்ஜி என்று இருக்கும்.

திருத்துறைப்பூண்டி:
டிசைன் 4400000. ஃபுல் 1890000.

மன்னார்குடி:
அவை மைக்ரோ ஆம்பியர்-மணி. 4400 மில்லியில் 1890தான் மிச்சம், அதாவது 43 சதவீதம். இவ்வளவு தேய்ந்த பேட்டரி காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். 15 காட்டும்போதே படுத்துவிடலாம். எச்சரிக்கையை 30-ல் வையுங்கள். அப்புறம் யூபவர் அமைப்புக் கோப்பில், மெஷினைத் தானாக நிறுத்தும் அளவான பர்சன்டேஜ்ஆக்‌ஷன் இயல்பாக 2-ல் இருக்கும், அதை 20 ஆக்குங்கள். பர்சன்டேஜ்லோ, பர்சன்டேஜ்கிரிட்டிக்கல் இரண்டும் அதைவிடப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும், வரிசை தப்பினால் உங்கள் எண்களை விட்டுவிட்டு இயல்பு எண்களுக்கே போய்விடும். 35, 25 என்று போடலாம். ஹைபர்நேட் ஆக (நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணைய) வேண்டுமென்றால் அதற்கான வட்டு இடமான ஸ்வாப் போதிய அளவு இருக்கிறதா பாருங்கள். மாற்றியதும் யூபவரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

திருத்துறைப்பூண்டி:
இன்று மதியம் மெயின் சுவிட்சையே அணைத்துப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது, திரையின் மூலையில் "கரண்ட் போய்விட்டது" என்று செய்தி வந்தது. 30-ல் இரண்டாவது செய்தி. அப்படியே விட்டேன்; 20-ல் தானாக ஹைபர்நேட் ஆனது. திரும்ப எழுப்பியபோது பாதி அடித்திருந்த தூயமல்லி வரி அப்படியே இருந்தது. இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. நாளைக்கு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க.